சிறுவரும் நீர்ச்சறுக்கலும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று எழுதுமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, எமக்குக் கற்பித்த பெரியார்களைப் பற்றியோ, விடுதி வாழ்க்கையைப் பற்றியோ எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். ஆயின் அவற்றை எம்மினும் செவ்வனே எழுதவல்லார் பலர் உளர். ஆகவே, நாம் வாழும் கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் கோடைதோறும் ஏரிகளிற் காணப்படும் விளையாட்டாகிய நீர்ச்சறுக்கலைப் பற்றியும், அதனைச் சிறு பிள்ளைகளுக்குப் பழக்கும் முறையைப் பற்றியும் சில கூற முற்பட்டோம். இதில் நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி எமது பிழையினால் அறிந்ததேயாம். அப்பிழையையும் மறையாது கூறுவோம்.

நீர்ச்சறுக்கலாவது, இயந்திரப் படகொன்று இழுத்துச் செல்லும் கயிற்றின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கால்களிற் பொருத்திய பலகைகளின்மீது நின்று நீர்ப்பரப்பில் வழுக்கிச் செல்லுதல். இதன் இளைய உடன்பிறப்புப் போன்றது வேக்போர்ட் எனப்படும் அலைப்பலகை. சறுக்கலில் இரு பலகைகள் உண்டு; ஆடுவோர் படகை நோக்கி நேரே நிற்பர். அலைப்பலகையிலோ அகன்ற பலகை ஒன்றே உண்டு. இரு பாதங்களும் அதிற் குறுக்காகப் பிணைக்கப்பட்டிருக்க, ஆடுவோர் பக்கவாட்டில் நின்று, படகின் பின்னே எழும் அலையை ஏறியும் தாண்டியும் செல்வர்.

இவ்விளையாட்டின் பிறப்பு எளியதொரு வரலாறு. ஐக்கிய அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்திலுள்ள பெப்பின் ஏரியில், 1922 ஆம் ஆண்டு கோடையில், இரால்ப் சாமுவெல்சன் என்னும் பதினெட்டு வயது இளைஞர், பனியில் வழுக்க இயலுமாயின் நீரில் ஏன் இயலாது என்று கருதி முயலத் தொடங்கினார். பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டினார், அவையும் பயன்படவில்லை. பின்னர் எட்டடி நீளமும் ஒன்பது அங்குல அகலமுமுள்ள இரு மரப்பலகைகளை வாங்கி, அவற்றின் நுனிகளைக் கொதிநீரில் இட்டு வளைத்து, தோல்வாரினாற் காற்பிடி அமைத்தார். அவருடைய தமையனார் படகை ஓட்டினார். பலமுறை வீழ்ந்த பின், யூலை 2 ஆம் திகதி, பலகைகளின் நுனிகளை நீருக்கு மேலே நிமிர்த்தி, உடலைப் பின்னோக்கிச் சாய்த்துப் பார்த்தார்; எழுந்து நின்றார். மறுநாள் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது.

சாமுவெல்சன் தமது ஆக்கத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றாரில்லை. 1925 இல் பிரெட் வாலர் என்பவரே சறுக்குப்பலகைகளுக்கு அவ்வுரிமையைப் பெற்றார். முதலிற் சறுக்கியவர் சாமுவெல்சனே என்பதை அமெரிக்க நீர்ச்சறுக்கற் சங்கம் 1966 இலேயே ஏற்றுக்கொண்டது. இதற்கிடையில் 1949 இல் பிரான்சு நாட்டில் உலகப் போட்டி தொடங்கியிருந்தது. 1972 இல் நடைபெற்ற மியூனிச் ஒலிம்பிக் விழாவில் இது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அலைப்பலகை மிகப் பிந்தியது. 1985 இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ரோனி பின் என்பவர் கடலலைப் பலகையைப் படகின் பின்னே கட்டியிழுக்கும் வகையில் அமைத்த சிறு பலகையே அதன் முன்னோடியாம்.

இனி, நிற்கும்போது மூழ்கும் பலகை ஓடும்போது மனிதரைத் தாங்குவது எங்ஙனம் என்பதை மாணவர் அறிதல் நன்று. நுனி உயர்ந்து சாய்ந்திருக்கும் பலகை விரைந்து செல்லும்போது நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றது. நீர் அதே அளவு விசையுடன் பலகையை மேல்நோக்கித் தள்ளுகின்றது. நியூற்றனின் மூன்றாம் விதியன்றி இது வேறன்று. அவ்விசை பலகையின் பரப்புக்கேற்பவும், வேகத்தின் வர்க்கத்துக்கேற்பவும் வளரும். எனவே, எண்பது கிலோகிராம் நிறையுடைய ஒருவரைத் தாங்க மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகம் வேண்டுமாயின், அதே பலகையில் இருபது கிலோகிராம் நிறையுடைய குழந்தையைத் தாங்க அதன் அரைப்பங்கு வேகமே போதும். நிறை நான்கில் ஒன்று. ஆதலின் வேகம் இரண்டில் ஒன்று. படகோட்டுவோர் பலர் இக்கணக்கை மறந்துவிடுகின்றனர். தமக்கு இதமான வேகத்திற் குழந்தையை இழுத்து, அது அஞ்சியழும்போது வியப்படைகின்றனர்.

நாமும் அவ்வாறு வியந்தவரே. எமது மகனுக்கு ஏழு வயதாயிருந்தபோது, ஏரியொன்றில் நண்பரொருவரின் படகிலே அவனை நீர்ச்சறுக்கலுக்கு அழைத்துச் சென்றோம். கரையில் எவ்விதப் பயிற்சியும் அளித்தோமில்லை. அவனுக்குப் பெரிதான பலகைகளைக் காலில் மாட்டினோம். “அப்பா, இண்டைக்கு வேண்டாம்” என்று அவன் கூறியதைக் கேளாதார் போன்று படகை விரைவாகச் செலுத்தச் செய்தோம். அவன் முகங்குப்புற வீழ்ந்தான். வீழ்ந்த பின்னும் கைப்பிடியை விடாது நீருள் இழுபட்டான். விட்டுவிடலாம் என்பதை அவனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. சில கணப்பொழுதே அது. உடலில் ஊறுபாடும் இல்லை. ஆயினும் அன்றுதொட்டு அவன் அப்பலகைகளைத் தொட்டானில்லை. துணிவு ஊட்டுகின்றோமென்று எண்ணி, இருந்த துணிவையும் பறித்துவிட்டோம்.

பல்லாண்டுகளின் பின் அவனுடைய மகள், எமது பேர்த்தி, தனக்குச் சறுக்கப் பழக்குமாறு எம்மைக் கேட்டாள். அவளுக்கும் அப்போது வயது ஏழு. இம்முறை விளையாட்டை நன்கறிந்த பயிற்றுநர் ஒருவரை நாடி, அவர் கூறியவாறே செய்தோம். அவரிடம் கற்றவற்றை இங்கே ஒழுங்குபடக் கூறுவாம்.

முதலாவது, பிள்ளைக்கு நீரோடு உறவு இருத்தல் வேண்டும். கீரிமலைக் கேணியிலே தந்தையாரின் கையைப் பற்றி நீந்தக் கற்ற எம்மவர் இதனை நன்குணர்வர். இத்தனை வயதென்னும் வரையறை இல்லை. முகத்தில் நீர்பட்டால் நகைக்கின்ற பிள்ளை ஆயத்தமான பிள்ளை. அழுகின்ற பிள்ளைக்கு இன்னும் நீச்சலே பாடம். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் உயிர்காப்பு அங்கி இன்றியமையாதது. அது பிள்ளையின் நிறைக்கு ஏற்றதாதல் வேண்டும். அங்கியை அணிவித்துத் தோட்பட்டைகளைப் பற்றி மேலே தூக்கிப் பார்க்குக. அது பிள்ளையின் காதுவரை ஏறுமாயின் தளர்ந்துள்ளது என்றறிந்து, இறுக்கியோ மாற்றியோ கொள்ளுக.

இரண்டாவது பாடம் தரையிலே நிகழ்வது. புற்றரையிற் பலகைகளின்மீது பிள்ளையைக் குந்தவைத்து, முழங்கால்கள் மார்பைத் தொட, கைகளை நீட்டிக் கைப்பிடியைப் பிடிக்கச் செய்க. மறுமுனையை நாம் மெல்ல இழுக்கும்போது, பிள்ளை கைகளை மடக்காது, கயிறு தன்னைத் தூக்குமாறு விட்டு, நாற்காலியினின்று எழுவதுபோல மெல்ல எழவேண்டும். தொடங்குவோர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் மூன்று: கைப்பிடியைத் தம்பால் இழுத்தல், விரைந்தெழுதல், குனிந்து கால்களைப் பார்த்தல். இவற்றைத் தரையில் இருபது முறை திருத்துதல் எளிது. நீரில் ஒருமுறை திருத்துதல் அரிது. வீழும்போது கைப்பிடியை உடனே விட்டுவிட வேண்டுமென்பதையும் இங்கேயே விளையாட்டாகப் பழக்குக. கயிற்றை ஒருபோதும் கையிற் சுற்றலாகாது. எமது பேர்த்தி முதலிற் கற்றது விடுதல், பின்னரே பிடித்தல்.

மூன்றாவது பாடம் ஆழமற்ற கரையோரத்தில் நிகழ்வது. சிறுவருக்கான பலகைகள் குறுகிய நீளமும் மிகுந்த அகலமும் உடையன. கால்கள் விலகிப் போகாதவாறு இரண்டும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். இடுப்பளவு நீரில் ஒருவர் பிள்ளையைப் பின்னிருந்து தாங்க, மற்றொருவர் கரையோரமாகக் கயிற்றை இழுத்து நடந்து செல்லுதல் போதும். பலகை தன்னைத் தாங்குகின்றது என்னும் உணர்வு இங்கேயே பிள்ளைக்கு உண்டாகின்றது.

நான்காவதே படகு. சில படகுகளிற் பக்கவாட்டில் நீண்ட குழாயொன்று பொருத்தப்பட்டிருக்கும். பிள்ளை அதனைப் பற்றிப் படகின் அருகிலேயே சறுக்கலாம். பயிற்றுநரின் குரலும் முகமும் அண்மையில் இருப்பதால் அச்சம் நீங்கும். அக்குழாய் இல்லாவிடின் குறுங்கயிறு பயன்படும். சிறுவருக்கான சிலவகைப் பலகைகளில் இழுகயிறு பலகை நுனியோடு பொருந்தியிருக்கும். அதன் மறுமுனையைப் படகிற் கட்டாது பெரியவரொருவர் கையிற் பிடித்திருப்பர். பிள்ளை சாய்ந்தால் அவர் கயிற்றை விட்டுவிடுவர். ஆகவே பிள்ளை மறந்தாலும் பெரியவர் மறவார். எமது பேர்த்திக்கு அக்கயிற்றைப் பிடிக்க முன்வந்தவன் எமது மகனே. நாம் ஒன்றும் பேசவில்லை.

படகில் ஓட்டுபவரைவிட, இழுக்கப்படுபவரை மாத்திரம் நோக்கியிருக்க இன்னொருவர் இருத்தல் வேண்டும். கனடாவில் இது சட்டம். வீழ்ந்தவரை ஏற்றிக்கொள்ளப் படகில் இடமிருத்தலும், சூரியன் மறைந்து ஒரு மணிநேரத்தின் பின் விடியும்வரை எவரையும் இழுக்காமையும் அவ்வாறே. இயந்திர ஒலியிற் குரல் கேளாதாகையாற் கைச்சைகைகள் வேண்டும். பெருவிரல் மேலே காட்டினால் விரைவு வேண்டும். கீழே காட்டினால் மெதுவாதல் வேண்டும். கையைக் கழுத்துக்குக் குறுக்கே அசைத்தால் நிறுத்துதல் வேண்டும். தலையைத் தட்டினாற் கரைக்குத் திரும்புதல் வேண்டும். வீழ்ந்த பிள்ளை கையை மேலே உயர்த்தினால் தனக்கு ஊறில்லை என்பது பொருள். கை உயராவிடின் ஒரு கணமும் தாழ்த்தலாகாது.

வீழ்ந்தவரை அணுகும்போது படகை மெதுவாகச் சுற்றிக் கொணர்ந்து, ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும் பக்கமாகப் பிள்ளை இருக்கச் செய்து, இயந்திரத்தை முற்றாக நிறுத்திய பின்னரே ஏற்றுதல் வேண்டும். சுழல்விசிறி பொல்லாதது. இயந்திரம் ஓடுங்காற் படகின் பின்புறத்திற் பிள்ளைகளை இருக்கவோ தொங்கவோ விடலாகாது; அங்கே தேங்கும் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றதாயினும் உயிரைக் குடிக்கவல்லது.

அலைப்பலகைக்கும் இதே ஒழுங்கே பொருந்தும். எந்தக் கால் முன்னிற்பது என்பதொன்றே புதியது. பிள்ளை அறியாவண்ணம் பின்னிருந்து மெல்லத் தள்ளுக. வீழாமற் காக்க எக்காலை முன்வைக்கின்றதோ அக்காலே பெரும்பாலும் முன்னிற்கும். நீரிற் பலகையைக் குறுக்காக வைத்துத் தொடங்கி, எழுந்தபின் முன்காலின் பக்கத்தைப் படகை நோக்கித் திருப்புதல் வேண்டும். இரு கால்களும் ஒரே பலகையில் இருத்தலின் விலகும் தொல்லையில்லை. ஆதலாற் சில பிள்ளைகளுக்கு இதுவே எளிதாகின்றது.

இன்னுமொன்று: சிறுவரின் உடல் விரைவிற் குளிர்ந்துவிடும். நிறையை நோக்க அவர்தம் தோற்பரப்பு மிகுதியாதலே காரணம். உதடு நீலம் பாரிக்குமுன், பற்கள் நடுங்குமுன், பாடத்தை முடித்துவிடுக. பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். இன்னும் வேண்டுமென்று கேட்கும்போது நிறுத்தப்பட்ட பிள்ளை நாளை தானாகவே வரும். களைத்து அழும்வரை பழக்கப்பட்ட பிள்ளை வாராது.

எமது பேர்த்தி மூன்று நாள் தரையிலும் கரையிலுமே பழகினாள். நான்காம் நாட் காலையில், காற்றெழுமுன் ஏரி கண்ணாடிபோலக் கிடந்த வேளை, படகு மெல்ல நகர்ந்தது. இருமுறை வீழ்ந்து இருமுறையும் கையை உயர்த்தினாள். மூன்றாம் முறை எழுந்து, நாம் பத்து எண்ணுமளவும் நின்றாள். பின்பு தானே கைப்பிடியை விட்டு நீரில் அமர்ந்து நகைத்தாள். “போதுமா, அம்மா?” என்று எமது மகன் கேட்டான். “போதும் அப்பா, நாளைக்கு” என்றாள். அவன் உடனே கயிற்றைச் சுருட்டினான். முப்பதாண்டுகளுக்கு முன்னர் நாம் செய்யத் தவறியது அவ்வளவே.

எமது ஈழநாட்டிலும் பெந்தோட்டை ஆற்றிலே நீர்ச்சறுக்கல் நடைபெறுகின்றது. இம்மலரைப் படிக்கும் மாணவருள் அங்கே சென்று முயல்வோரும், அயல்நாடுகளில் தம் பிள்ளைகளைப் பழக்கவிருக்கும் பழைய மாணவரும் இருத்தல் கூடும். அவர்கள் யாவரும் முதலில் நீந்தக் கற்க. பின்னர்ப் பலகையைத் தொடுக. ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் கூறத்தக்கது யாதுமில்லை. வேண்டாமென்னும் மாணவனை ஒருநாள் விட்டுப்பிடிக்க அவர்கள் முன்னரே அறிந்திருந்தார்கள். நாமே ஏரிக்கரையிற் காலந்தாழ்த்திக் கற்றோம்.