31 இரண்டுகளும் ஒரு குறையும்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். இது ஒரு பகா எண்.

அடுக்கில் உள்ள 31 பகா எண் என்பதால் விடையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 11-ம் பகா எண்தான்; ஆனால் 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 2,047, 23-ஐ 89-ஆல் பெருக்கிய விடையாக இருக்கிறது. 31 தேறும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் மெர்சென் 1644-லேயே எழுதிவைத்தார். ஆனால் அதே பட்டியலில் அவர் சேர்த்த 67, 257 இரண்டும் தவறாகிப் போயின.

31-க்கான விடை பகா எண்தான் என்று 1772-ல் நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவருக்கு அப்போது பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் நாலாயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் ஆயுள் போதாது என்று சொல்ல மாட்டேன், பொறுமை போதாது. ஆய்லர் வகுப்பதற்கு முன்பே சலித்துவிட்டார். இதை வகுக்கக்கூடிய பகா எண்ணை 62-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். 373 முதல் நிபந்தனையில் தேறும், இரண்டாவதில் தோற்கும். இரண்டிலும் தேறும் முதல் பகா எண் 311. வகுத்தால் மீதி 35. அடுத்தது 1,303. இப்படிச் சோதிக்க வேண்டியவை நூற்றுக்கும் குறைவுதான். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

இந்த எண்ணிலிருந்து, தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான 19 இலக்க நிறைவெண் ஒன்றும் பிறக்கிறது. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் தேடமாட்டார்கள், அதனால் பயனும் இல்லை என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ 1811-ல் எழுதினார். 1876-ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ், இன்னும் பெரிய நிறைவெண்ணைத் தரும் இதே வகையான 39 இலக்கப் பகா எண்ணையே கண்டுபிடித்துவிட்டார்.

பயனைப் பற்றியும் பார்லோவின் கணிப்பு பலிக்கவில்லை. இரும முறையில் இந்த எண் வரிசையாக 31 ஒன்றுகள். குறிக்கு ஓர் இடம் ஒதுக்கிய 32 பிட் நினைவகத்தில் அடங்கும் மிகப்பெரிய எண் இதுதான். 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை இப்படி எண்ணிவரும் பழைய கணினிகளில், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8.44.07-க்கு எண்ணிக்கை முட்டிக்கொள்ளும். அடுத்த விநாடி, தேதி 1901 டிசம்பருக்குத் தாவிவிடும். எண் பகா எண்ணா இல்லையா என்பது அந்தக் கடிகாரத்துக்குப் பொருட்டல்ல. ஆனால் கணினியில் சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் ஒரு பிரபலமான முறைக்கு, இது பகா எண்ணாக இருப்பதுதான் ஆதாரம்.

2014-ல் ‘கங்னம் ஸ்டைல்’ பாடலின் பார்வைகள் இந்த எல்லையை நெருங்கியபோது யூடியூப் 64 பிட்டுக்கு மாறியது. புதிய எல்லை 63 இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைவு. 63-ஐ 3 வகுப்பதால், அந்தப் பத்தொன்பது இலக்க எண்ணை வெறும் 7 வகுத்துவிடுகிறது.