கிணற்று நீரும் பெட்ரோலும்

பிரேசர் டவுன் ஒரு கொள்ளைநோயின் விளைவாகப் பிறந்த பேட்டை. 1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கிய பின்னர், மக்கள் காற்றோட்டத்துடன் வாழவேண்டும் என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்டது. அரசாங்க ஏடுகளில் அது இன்று புலிகேசி நகர். நாமோ பழைய பெயரை விடாமல் வழங்கி வருகிறோம்.

இப்பேட்டையிலும் காவிரி நீர் போதாத நாள்களில் ஆழ்துளைக் கிணற்றையே நம்புகிறோம். 2024ஆம் ஆண்டுக் கோடையில் நகரெங்கும் கிணறுகள் வற்றியபோது அந்நீரின் அருமை அனைவருக்கும் விளங்கிற்று. ஆனால், நாம் நீர் எடுக்கும் அதே நிலத்தினுள்தான் பெட்ரோல் பங்குகளின் தொட்டிகளும் புதைந்திருக்கின்றன. தொட்டியிலோ குழாயிலோ ஊசித் துளை ஒன்று விழுந்தால், அதனை அறிவது எங்ஙனம்?

இது வீண் அச்சமன்று. சென்னையிலிருந்து வந்த நேயர்கள் தண்டையார்ப்பேட்டையை அறிவார்கள். அங்கே 2013இல் வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பெட்ரோல் வாடை வீசியது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் கிடங்கிற்குச் சென்ற குழாயில் கசிவு இருந்தது தெரியவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது; சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் நிலத்தடியை ஆராய்ந்தனர்.

பெட்ரோல் நீரைவிட இலேசானது. மண்ணின் வழியே கீழிறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் ஏடுபோல் படிந்து மிதக்கும். அவ்வளவோடு நின்றால் ஏட்டை அகற்றிவிடலாம். அதிலுள்ள பென்சீன் முதலிய பொருள்கள் சிறிது சிறிதாக நீரில் கரைந்து, நீர் ஓடும் திசையிலேயே பயணம் செய்கின்றன. பென்சீன் புற்றுநோயை விளைவிப்பது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பென்சீன் மட்டும் கலந்த நீரில் நம் மூக்கு அதன் வாடையை உணரவேண்டுமானால், அளவு இதனைப்போல் பல நூறு மடங்கு இருத்தல் வேண்டும்! ஆகவே, வாடை இல்லை என்பது நற்சான்று ஆகாது. கொதிக்கவைத்தால் போய்விடும் என்று எண்ணுவோரும் உளர். போவது நம் அடுக்களைக் காற்றினுள்தான்.

அதனால்தான் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டுகிறார்கள். நீர் எத்திசையில் ஓடுகிறது என்று கணிக்கவே குறைந்தது மூன்று வேண்டும். கசிவிடத்திற்கு மேற்புறத்தில் ஒன்று, கீழ்ப்புறத்தில் சில என அமைத்தால், மாசு எங்கிருந்து வருகிறது என்ற வழக்கும் தீரும். எண்ணெயையும் நீரையும் பிரித்தறியும் கருவி பொருத்திய நாடாவை இறக்கி, ஏட்டின் கனத்தை அளப்பார்கள். பின்னர் நீர் மாதிரியைச் சிறு கண்ணாடிக் குப்பியில், காற்றுக் குமிழி ஒன்றும் இல்லாதபடி நிரப்பிப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவார்கள். குப்பியில் காற்றிடம் இருந்தால் பென்சீன் நீரைவிட்டு ஆவியாகிவிடும். சோதனையோ 'குற்றமில்லை' என்று கூறும்.

இதனினும் பெரிய ஏமாற்றம் ஒன்றுண்டு. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது, எண்ணெயின் ஒரு பகுதி மண் துகள்களுக்கிடையே நீருக்கடியில் சிக்கிக்கொள்கிறது. கிணற்றில் ஏடு காணப்படுவதில்லை. 'தூய்மையாகிவிட்டது' என்று அறிக்கை எழுதுவதற்கு அதைவிட வசதியான காலம் வேறில்லை! கோடையில் மட்டம் இறங்கியதும் எண்ணெய் மீண்டும் தலைகாட்டும். ஆகவே, மழைக்கு முன்னும் பின்னும், ஆண்டுக்கணக்கில் அளந்தாலன்றி உண்மை தெரியாது என்பதே நம் கருத்து.

அளவீட்டில் ஏற்படும் பிணக்கு எவ்வளவு கொடியது என்பதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் காட்டும். குடாநாட்டு மக்கள் சுண்ணாம்புப் பாறையிலுள்ள நிலத்தடி நீரையே நம்பி வாழ்பவர்கள். அங்கே அனல் மின் நிலையத்தின் அருகிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அபாயமில்லை என்றது ஒரு குழு. பல கிணறுகளில் எண்ணெய் உள்ளது என்றன வேறு பரிசோதனைகள். இடையில் அகப்பட்ட குடும்பங்கள் இந்நீரைக் குழந்தைக்குக் கொடுப்பதா, வேண்டாமா என்று தவித்தன. இறுதியில் 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம், நொதர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தரவேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

தண்டையார்ப்பேட்டை கடலோர மணல் நிலம். அங்கே மாசு ஓரளவு ஒழுங்காகப் பரவும். பெங்களூரோ கடும் பாறை. நீர் வெடிப்புகளின் வழியே ஓடுவதால், கசிவிற்கு அடுத்த வீட்டுக் கிணறு தப்பிவிட, தொலைவிலுள்ள ஒரு வீட்டின் கிணறு கெடலாம். ஆதலால், ஒரு கிணற்றைச் சோதித்துவிட்டுப் பேட்டை முழுவதற்கும் தீர்ப்பு வழங்குதல் இங்கே பொருந்தாது.

நம் கிணற்றைச் சோதிக்கக் கொடுக்கும்போது, கடினத்தன்மை, உப்பு, கிருமி ஆகியவை மட்டும் பார்க்கும் வழக்கமான சோதனையில் பென்சீன் அகப்படாது. பென்சீன், டொலுவீன், எதில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கையும் பார்க்கும்படி தனியே கேட்கவேண்டும். குப்பியையும் அவர்களிடமிருந்தே பெறுதல் நலம். வீட்டிலுள்ள பிளாஸ்டிக் பாட்டில் இதற்கு உதவாது.