ஏழாவது வாரம் என்ன பேசுவீர்கள்?

பாட்காஸ்டில் முதல் எபிசோட் என்பது கல்யாணம் மாதிரி. பந்தல், மேளம், வாழ்த்து எல்லாம் உண்டு. ஆபீஸில் டெஸ்பாட்ச் செக்‌ஷன் வரைக்கும் லிங்க் போயாச்சு. 'குரல் பிரமாதம்ப்பா!' என்று மானேஜரே சொல்லியாச்சு. ஏழாவது எபிசோட்தான் குடும்பம் நடத்துவது. அரிசி இருக்கா, பருப்பு இருக்கா என்று டப்பாவைத் திறந்து பார்க்கிற இடம்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மணி 9. காலை 7 மணிக்கு எபிசோட் வெளியாக வேண்டும். நம்ம ஹீரோ மைக்கும் கையுமாகப் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறார். (பக்கத்து வீட்டு டி.வி. சீரியலில் மாமியார் அழுகிற சத்தம் பதிவாகக் கூடாதே!) வியர்வை வருகிறது. விஷயம் வரவில்லை. 'இந்த வாரம் கொஞ்சம் சொந்த வேலை நண்பர்களே...' என்று மூன்று நிமிஷம் எதையோ பேசிவிட்டு எழுந்துவிடுகிறார். அடுத்த வாரம் அந்த மூன்று நிமிஷமும் கிடையாது.

இந்த வியாதிக்கு அந்த வட்டாரத்தில் பெயரே வைத்துவிட்டார்கள். 'பாட்ஃபேடிங்'. அதாவது சாயம் போவது. 'இத்துடன் முடித்துக்கொள்கிறேன்' என்று யாரும் அறிவிப்பதில்லை. கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி, சத்தமில்லாமல் வெளுத்துப் போய்விடுகிறது.

காரணம் சோம்பேறித்தனமா? இல்லை சார். திறமைக் குறைவா? அதுவும் இல்லை. ஸ்டாக் தீர்ந்துபோச்சு. அவ்வளவுதான்!

அண்ணாச்சி கணக்கு

பி.காமில் 'ரீ-ஆர்டர் லெவல்' என்று ஒரு பாடம் உண்டு. பரீட்சையில் 10 மார்க். தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி, அதைப் படிக்காமலே டாக்டர் பட்டம் வாங்கியவர். மூட்டை காலியான பிறகா அவர் சரக்குக்குச் சொல்லி அனுப்புகிறார்? லாரி வந்து சேர நாலு நாள் ஆகும் என்றால், அந்த நாலு நாள் வியாபாரத்துக்குக் கையில் சரக்கு இருக்கும்போதே ஆர்டர் போய்விடும்.

எபிசோடும் சரக்குதான். 25 நிமிஷ எபிசோட் ஒன்றுக்குக் கணக்குப் போடுங்கள். விஷயம் தேடிக் குறிப்பெடுக்க 3 மணி. பதிவுக்கு உளறல், இருமல் உட்பட 1 மணி. வெட்டி ஒட்ட 2 மணி. தலைப்பு, படம், அப்லோட் அரை மணி. ஆக மொத்தம் ஆறரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் முடிந்து, பஸ் பிடித்து, சாப்பிட்டு முடித்தவருக்கு ராத்திரி ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிசு. வாரத்துக்கு 7 மணி. மிச்சம் அரை மணி. ஜுரம், மார்ச் முடிவுக் கணக்கு, மச்சினி கல்யாணம் எல்லாம் அந்த அரை மணிக்குள் அடங்கியாக வேண்டும்! நடக்கிற காரியமா?

அதனால்தான் சொல்கிறேன். நாலு எபிசோடாவது முடித்துக் கையில் வைத்துக்கொண்டு கடையைத் திறங்கள். கையிருப்பு இரண்டாகக் குறைந்ததும் மணி அடிக்கட்டும். அதுதான் உங்கள் ரீ-ஆர்டர் லெவல்.

டிக்கன்ஸின் தாள்

சார்லஸ் டிக்கன்ஸ் தெரியுமில்லையா? நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காரர்களுக்கெல்லாம் ஒருவகையில் பெரியப்பா. மாதம் ஒரு பகுதி, பகுதிக்கு 32 பக்கம் என்று நாவல்களை வெளியிட்டவர். 1846-ல் 'டாம்பி அண்ட் சன்' தொடங்கியதிலிருந்து, மாதாந்திரத் தொடர்களில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாள் எடுத்துக்கொள்வார். நடுவே இரண்டாகப் பிரிப்பார். வலது பக்கம் அத்தியாயங்களும் சம்பவங்களும். இடது பக்கம் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள். இந்த ஆளை இப்போது கொண்டுவரலாமா? அந்த விஷயத்தை உடைத்துவிடலாமா? பக்கத்திலேயே பதிலும் எழுதுவார். 'ஆமாம்'. 'வேண்டாம்'. சில இடங்களில், 'இப்போது வேண்டாம்'. அந்தத் தாள்களில் பெரும்பாலானவை இன்றும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அந்த 'இப்போது வேண்டாம்' இருக்கிறதே, அதுதான் சூட்சுமம்! முதல் எபிசோடிலேயே தெரிந்த ஜோக், படித்த புஸ்தகம், பட்ட அவஸ்தை எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறோம். முதல் பந்தியிலேயே பாயசம் காலி. இரண்டாம் பந்திக்கு வெறும் இலை.

'முன்கூட்டித் திட்டம் போடாமலே ஜெயித்தவர்கள் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறார், அலிஸ்டர் குக். பி.பி.சி. ரேடியோவில் 'லெட்டர் ஃப்ரம் அமெரிக்கா' என்று வாராவாரம் பேசினார். 1946 மார்ச்சில் 13 வாரத்துக்கு என்று ஆரம்பித்தது. 2004 பிப்ரவரியில் முடிந்தபோது எண்ணிக்கை 2,869! மாசக்கணக்கில் அட்டவணை எல்லாம் கிடையாது. அந்தந்த வாரம் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்வார், அடிப்பார், பேசுவார்.

ஆனால் அவர் உத்தியோகம் என்ன? பத்திரிகை நிருபர். 1972 வரை 'கார்டியன்' பத்திரிகைக்கு அமெரிக்காவிலிருந்து எழுதியவர். ஊர் சுற்றுவதும் பேப்பர் படிப்பதும் நாலு பேரிடம் பேசுவதும்தான் அவருக்குச் சம்பளம் கிடைத்த வேலை. பகலெல்லாம் தலைக்குள் சரக்கு ஏறிக்கொண்டே இருந்தது. நமக்குப் பகலெல்லாம் ஏறுவது வவுச்சர்!

(ஒரு வேடிக்கை: 'பாட்காஸ்டிங்' என்ற சொல்லை பென் ஹாமர்ஸ்லி அச்சில் எழுதியது அதே 2004 பிப்ரவரியில். எந்தப் பத்திரிகையில்? அதே 'கார்டியன்'!)

தயிரும் பருப்பும்

இனி வேலைக்கு வருவோம். சரக்கை இரண்டாகப் பிரியுங்கள். கிரிக்கெட் மேட்ச், புதுப்படம், அரசியல் எல்லாம் தயிர். மூன்றாம் நாள் புளிக்கும். பி.எஃப். பணத்தை எடுப்பது எப்படி, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், ஊரில் மூடிப்போன சினிமா தியேட்டரின் கதை... இவை பருப்பு. ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் வேகும். கையிருப்பில் பருப்பே அதிகம் இருக்கட்டும். தயிரை அந்த வாரம் உறை ஊற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு காலண்டர். பிப்ரவரி 1 பட்ஜெட். மார்ச் 31 கணக்கு முடிவு. ஏப்ரலில் சித்திரைப் பிறப்பு. டிசம்பரில் சபா கச்சேரி. இவையெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிற விருந்தாளிகள். 'திடீரென்று தீபாவளி வந்துடுச்சு சார்' என்று சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும்!

பேட்டிக்கு ஆள் கூப்பிட்டால் மூன்று வாரம் முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். 'கண்டிப்பா வரேன்' என்று சொன்னவருக்குத்தான் அன்றைக்கென்று பல்வலி வரும்.

வருஷம் பூராவும் பேச முடியாதா? வேண்டாமே! அமெரிக்காவில் 'சீரியல்' என்ற பாட்காஸ்ட் 2014 அக்டோபரில் தொடங்கியது. 12 எபிசோட். டிசம்பரில் முடித்துவிட்டார்கள். அடுத்த சீசன் 2015 டிசம்பரில்தான் வந்தது. ஜனங்கள் காத்திருந்தார்கள். '10 எபிசோட், அப்புறம் லீவு' என்று முன்னாலேயே சொன்னால் அது லீவு. சொல்லாமல் நின்றால் அது ஆப்சென்ட்.

ஒரு எச்சரிக்கை. திட்டமே போதை ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. எக்ஸல் ஷீட்டில் 52 தலைப்பு, கலர் கலராகக் கட்டம், பதிவான எபிசோட் மட்டும் பூஜ்யம்! தலைப்புக்குக் கீழே, அதைக் கேட்பவர் மனசில் எழக்கூடிய மூன்று கேள்விகளை உங்களால் எழுத முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அது எபிசோட் இல்லை. வெறும் போர்டு.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? தாம்பரம்-பீச் மின்சார ரயிலில் ஒருத்தர், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை உங்கள் குரலைத் தேடுவார். உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. தன் நாளில் 25 நிமிஷத்தை உங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார். மூன்று திங்கள் தேடுவார். நாலாவது திங்கள் தேட மாட்டார். இன்னொன்று... பகல் முழுக்க யாரோ சொன்ன வேலையைச் செய்கிற நமக்கு, நம் இஷ்டப்படி பேச வாய்த்தது அந்த ஒரு மணி நேரம்தான். அது ஆசை குறைந்து சாகலாம். பருப்பு தீர்ந்து சாகக் கூடாது.

ஆகவே, இந்த ஞாயிறு மைக்கைத் தொடாதீர்கள். ஒரு தாளை எடுத்து எட்டுத் தலைப்பும், தலைப்புக்கு மூன்று கேள்வியும் எழுதுங்கள். எட்டு வந்ததா? ஜமாயுங்கள். மூன்றோடு நின்றுவிட்டதா? அதுவும் லாபம்தான் சார்... மைக் வாங்குகிற காசு மிச்சம்!