தோள்சீலை முதல் சாதிச் சான்றிதழ் வரை

உரிமையை அளக்கும் முன் மதத்தைக் கேட்கும் வழக்கம்: பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமங்களின் இருநூறாண்டு அனுபவம்

புது தில்லி: தமிழகத்தின் களியக்காவிளையிலிருந்து கேரளத்தின் பாறசாலைக்குச் செல்பவர்கள், எல்லையைக் கடந்துவிட்டதைக் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துத்தான் உணர வேண்டியிருக்கும். இருபுறமும் ஒரே ரப்பர் தோட்டங்கள், ஒரே மரவள்ளி விளைகள், கூப்பிடு தூரத்துக்கு ஒரு தேவாலயம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. உறவினர் வீட்டுத் துக்கத்துக்கும் திருமணத்துக்கும் இரு மாநில மக்களும் ஒரே பந்தலில் கூடுகின்றனர்.

ஆனால், கல்லூரிச் சேர்க்கைக்கும் அரசுப் பணிக்கும் சாதிச் சான்றிதழ் தேவைப்படும்போது எல்லைக்கோடு தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. அக்காள் குடும்பம் களியக்காவிளையிலும் தங்கை குடும்பம் பாறசாலையிலும் இருந்தால், இரு வீட்டுப் பிள்ளைகளும் அரசின் கண்ணுக்கு ஒன்றல்ல. தமிழகத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நாடார் சமூகத்துடன் கிறிஸ்தவ நாடாரும் சேர்க்கப்பட்டுள்ளனர். எந்தச் சபை என்ற கேள்வி எழுவதில்லை. கேரளத்திலோ 2021 வரை அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது.

மறைந்த சபையின் பெயர்

கேரள அரசுப் பணிகளில் இந்து நாடாருக்கு 1 சதவீதமும், "எஸ்.ஐ.யு.சி. நாடார்" என்ற பிரிவுக்கு 1 சதவீதமும் இட ஒதுக்கீடு வழங்கப்பட்டது. லத்தீன் கத்தோலிக்க நாடார்கள், லத்தீன் கத்தோலிக்கருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமான 4 சதவீதத்துக்குள் வந்தனர். மலங்கரை கத்தோலிக்கர், லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே போன்ற சபைகளைச் சேர்ந்த நாடார்கள் இந்த வரம்புக்கு வெளியே நின்றனர்.

எஸ்.ஐ.யு.சி. என்பது தென்னிந்திய ஐக்கிய சபை. லண்டன் மிஷன் சபைகளும் பிரஸ்பிட்டேரியன் சபைகளும் இணைந்து 1908இல் உருவான அமைப்பு அது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. சபை மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அதன் பெயர் அரசுப் பட்டியலில் நிலைத்திருக்கிறது. அண்ணன் தென்னிந்தியத் திருச்சபையிலும் தம்பி பெந்தெகொஸ்தே சபையிலும் இருந்தால், அண்ணன் மகன் பிற்படுத்தப்பட்டவன், தம்பி மகன் முற்பட்டவன் என்ற நிலையை அந்தப் பட்டியல் உருவாக்கியது.

2021 பிப்ரவரியில், சட்டப்பேரவைத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், கேரள அரசு இந்த வேறுபாட்டை நீக்கி அனைத்துக் கிறிஸ்தவ நாடார்களுக்கும் சலுகையை விரிவுபடுத்தியது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லை என மராத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மே மாதம் தீர்ப்பளித்ததையடுத்து, கேரள உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றம் 105ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் வாயிலாக அந்த அதிகாரத்தை மாநிலங்களுக்கு மீட்டுத் தந்தது. அதன் பிறகே, அந்த ஆண்டின் இறுதியில், கேரள அமைச்சரவை மீண்டும் முடிவெடுக்க முடிந்தது. எல்லைக் கிராமத்தின் சான்றிதழ் ஒன்று தில்லி வரை வந்து திரும்ப வேண்டியிருந்தது.

குப்பாயத்தின் பாடம்

மதத்தைக் கேட்டு உரிமையை அளப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் சாணார் எனப்பட்ட நாடார் பெண்களும், அவர்களிலும் கீழாக வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைக்கத் தடை இருந்தது. ஆங்கிலேய ரெசிடெண்டாகவும் சில ஆண்டுகள் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், கிறிஸ்தவரான பெண்கள் மட்டும் குப்பாயம் அணிய அனுமதி வழங்கப்பட்டது. மேல்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை அணியும் உரிமை அப்போதும் கிடைக்கவில்லை. அதே வீட்டில் இந்துவாக இருந்த சகோதரிக்குக் குப்பாயமும் இல்லை.

அந்த அரைகுறை உரிமைக்காக நடந்த போராட்டம் 1822 முதல் 1859 வரை நீடித்தது. பெண்களின் மேலாடைகள் தெருவில் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் ஜெபக்கூடங்களும் தாக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் ட்ரெவெலியன் அளித்த நெருக்குதலுக்குப் பின், 1859 ஜூலை 26இல் மதவேறுபாடின்றி நாடார் பெண்கள் அனைவரும் மேலாடை அணியலாம் எனத் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் பிரகடனம் வெளியிட்டார். மேல்சாதிப் பெண்களின் பாணியில் அணியக் கூடாது என்ற நிபந்தனை அதிலும் இருந்தது.

அடிமை முறைக்கு எதிராகவும் மிஷனரிகள் குரல் கொடுத்தனர். 1847இல் லண்டன் மிஷன், சர்ச் மிஷன் ஊழியர்கள் மன்னருக்குக் கூட்டாக மனு அளித்தனர். 1855இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. விவிலியம் படிக்க எழுத்தறிவு வேண்டும் என்பதால் தொடங்கிய பள்ளிகள், நிலப்பத்திரத்தையும் நீதிமன்ற மனுவையும் படிக்கக்கூடிய ஒரு தலைமுறையை உருவாக்கின. சுவிசேஷத்தையும் மனித உரிமையையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்க்காத ஒரு நம்பிக்கை இப்பகுதியில் வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

முதல் வீடு, கடைசி வரிசை

லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தது தற்செயல் அல்ல. அங்கே அவருக்காகக் காத்திருந்தவர், தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பியிருந்த மகாராசன் வேதமாணிக்கம். அவர் சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்தவர். தென் திருவிதாங்கூர் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் வீடு ஒரு தலித்தின் வீடு.

அந்தச் சமூகத்தினர்தான் இன்று வரிசையின் கடைசியில் நிற்கின்றனர். 1950 ஆகஸ்ட் 10இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. மன்றோ காலத்தில் கிறிஸ்தவராவது உரிமைக்குக் கதவைத் திறந்தது. 1950க்குப் பின் அதே கதவை அடைத்தது.

வெங்ஙானூர், அய்யன்காளி பிறந்த ஊர். புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க அவர் நடத்திய போராட்டத்தில் ஊருட்டம்பலம் பள்ளி எரிக்கப்பட்டது. அன்று இந்துப் புலையரின் பிள்ளையையும் கிறிஸ்தவப் புலையரின் பிள்ளையையும் தீண்டாமை பிரித்துப் பார்க்கவில்லை. இன்று சட்டம் பிரித்துப் பார்க்கிறது. தலித் கிறிஸ்தவர்களுக்குக் கேரள அரசுப் பணிகளில் 1 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். தனித் தொகுதியில் போட்டியிடும் உரிமையும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் எல்லையின் எந்தப் பக்கத்திலும் அவர்களுக்கு இல்லை.

சபைகளுக்குள் இரு கருத்து

இந்தப் பிரச்னையில் சுவிசேஷ சபைகள் ஒரே குரலில் பேசுவதில்லை. ஞானஸ்நானத்தோடு சாதி முடிந்துவிட்டது, கிறிஸ்தவர் சாதிச் சான்றிதழ் கேட்பது விசுவாசத்துக்கே முரண் என்பது ஒரு தரப்பு. அரசியலை உலகக் காரியம் என ஒதுக்கும் பெந்தெகொஸ்தே விசுவாசிகள் பலரிடம் இந்த எண்ணம் வலுவாக உள்ளது.

சாதியை ஞானஸ்நானத் தண்ணீர் கழுவவில்லை, கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் அது உயிரோடு இருக்கிறது என்பது மற்றொரு தரப்பு. இல்லாத சமத்துவத்தை இருப்பதாகச் சொல்வது பொய்ச்சாட்சி என்கிறது இத்தரப்பு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு தினமாக அனுசரிக்கும் இந்திய தேசிய திருச்சபைகள் பேரவையும் கத்தோலிக்க ஆயர் பேரவையும் இக்கருத்தின் பக்கம் நிற்கின்றன. ஆனால், இந்த வாதம் சபைகளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. சாதி சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டால்தான் சலுகை கேட்க முடியும். ஒப்புக்கொண்டால் அதை ஒழிக்கும் கடமையும் சபைக்கு வந்துவிடும்.

எதிர்ப்பாளர்களின் வாதமும் தள்ளிவிடக்கூடியது அல்ல. தீண்டாமை இந்து சமூக அமைப்பில் பிறந்தது, அதற்கான பரிகாரமும் அங்கேயே இருக்க வேண்டும் என்கின்றனர் அவர்கள். ஏற்கெனவே குறுகிய பங்கு மேலும் குறையும் என்ற அச்சம் இந்து தலித் அமைப்புகளிடம் இருக்கிறது.

தில்லியின் தயக்கம்

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், தம்மோடு அமர்ந்து தொழில் செய்த இந்துத் தோழர்களுக்குக் கிடைத்த இலவசக் கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வந்தார். சூசை வழக்கு எனப்படும் அதில் 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குச் சான்று வேண்டும் என்று கூறி மனு தள்ளுபடி செய்யப்பட்டது. மூன்றாவது பத்தியை நீக்கலாம் என ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைக்கப்பட்டு, இரண்டாண்டு கெடு முடிந்ததும் அதற்குக் கால நீட்டிப்பு வழங்கப்பட்டது.

இதற்கிடையே, ஏட்டில் இந்து, வழிபாட்டில் கிறிஸ்தவர் என இரட்டை வாழ்க்கை வாழ்வோரும் உள்ளனர். புதுச்சேரி வழக்கு ஒன்றில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சலுகைக்காக மட்டும் இந்து எனக் கூறுவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி எனக் கண்டித்தது. சட்டத்தின் பார்வையில் அது மோசடி. விசுவாசத்தின் பார்வையில் அது மறுதலிப்பு. பிள்ளையின் படிப்பை நினைக்கும் பெற்றோரின் பார்வையில் அது வேறு வழியற்ற நிலை.

சட்டத்தையும் விசுவாசத்தையும் பிள்ளையின் எதிர்காலத்தையும் ஒன்றோடொன்று மோதவிடும் அந்த நிலையை உருவாக்கியது ஒரு பத்தி. குப்பாயத்துக்கு மதம் பார்ப்பது அநீதி என்று திருவிதாங்கூர் அரசு ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. சான்றிதழுக்கு மதம் பார்க்கும் ஆணை அதைவிட நீண்ட ஆயுளைக் கண்டுவிட்டது.