வயிற்றில் போடும் ஊசி: ஓர் ஐயமும் விளக்கமும்

கால் வீங்கி, கெண்டைச் சதையில் வலி கண்டு மருத்துவமனைக்குச் செல்லும் சிலரிடம், “காலின் ஆழ்ந்த இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்துள்ளது” என மருத்துவர் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். அவ்வுறைகட்டி பெயர்ந்து சென்று நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கெனத் தரப்படும் மருந்துகளுள் மூத்தது ஹெப்பாரின். 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நாயின் ஈரலிலிருந்து கண்டறியப்பட்டது.

நெடுங்காலம் இம்மருந்தை டிரிப்ஸ் வழியாகவே ஏற்றி வந்தனர். ஒரே அளவு மருந்து ஒருவருக்குக் குறைவாகவும் மற்றவருக்கு மிகையாகவும் வேலை செய்யும். குறைந்தால் இரத்தம் மேலும் உறையும். மிகுந்தால் இரத்தக் கசிவு. ஆகவே ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை இரத்தத்தைச் சோதித்து, ஏற்றும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வரவேண்டியிருந்தது. நோயாளி பல நாள் கட்டிலிலே. உடன் வந்தவர் வராந்தாவிலே!

ஹெப்பாரினின் நீண்ட மூலக்கூறுகளைச் சிறு துண்டுகளாக்கியதில் பிறந்தவையே எனாக்சபாரின் போன்ற மருந்துகள். இவை உடலில் ஏறத்தாழ ஒரே சீராக வேலை செய்வதால், எடையைக் கணக்கிட்டு, கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்திற்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டால் பெரும்பாலோருக்குப் போதும். வீட்டில் ஊசி போட்டுக்கொண்டோரும் மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டோரும் ஒத்த பலனே பெற்றனர் என 1996-இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. இன்று பலருக்கு மாத்திரையே போதுமானதாகிவிட்டது. எனினும் கருவுற்ற பெண்களுக்கு அம்மாத்திரைகள் ஏற்றவையல்ல. இவ்வூசி மருந்தோ நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவைச் சென்றடைவதில்லை.

நம் இல்லங்களில் சிக்கல் எழுவது இதற்குப் பின்னர்தான். எனாக்சபாரின் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து தயாராகிறது. பெட்டியினுள் மடித்து வைத்த தாளில், பொடி எழுத்தில் உள்ள இதனை யார் படிக்கிறார்கள்? பாதி வழியில் எவரோ சொல்லக் கேட்டு, மருத்துவரிடமும் கூறாமல் ஊசியை நிறுத்திவிட்டால் உறைகட்டி வளர இடம் கொடுத்ததாகும். டிரிப்ஸில் ஏறும் ஹெப்பாரினும் பெரும்பாலும் அதே மூலத்திலிருந்து வருவதுதான். ஊசிக்கு மாறியதால் புதிதாக நேர்ந்ததன்று.

மக்காவில் 2003 டிசம்பரில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபை, ஆகுமான மாற்று கிடைக்காதபோது இவ்வகை ஹெப்பாரினைக் கொண்டு சிகிச்சை பெறலாம் எனத் தீர்மானித்தது. மாற்றும் உண்டு: ஃபோண்டாபரினக்ஸ். முற்றிலும் வேதியியல் முறையில் செய்யப்படும் இம்மருந்துக்கு அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்தது. நாளுக்கு ஒரே ஊசி. ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு இது ஆகாது. கர்ப்பிணிகளிடம் இதன் அனுபவமும் குறைவு. எனவே, சகோதரிகளே, டிரிப்ஸிலிருந்து ஊசிக்கு மாற்றும் அன்றே மருத்துவரிடம் இதனைக் கேளுங்கள். ஐயமிருப்பின் உங்கள் ஆலிமிடமும் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை ஒரு வேளை ஊசியும் தவற வேண்டாம்.

ஊசி போடுகையில் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, வலமும் இடமுமாக இடத்தை மாற்றுங்கள். தோலை மடித்துப் பிடித்துச் செங்குத்தாகக் குத்துங்கள். முழு அளவும் போடும்போது, மருந்தடைத்து வரும் ஊசியிலுள்ள காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாது. போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது; கன்றிப்போகும். மலம் கருத்தாலோ, தலையில் அடிபட்டாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட நேரத்தையும் அங்கே சொல்லுங்கள்.