பாரதக் கதையில் தம்பி: ஒரு குறிப்பு

புத்தளம் மாவட்டக் கரையோரத்து மீனவக் கிராமமாகிய உடப்பில், திரௌபதை அம்மன் ஆலயத்து ஆடித் தீமிதிப்புப் பெயர்பெற்றது. அவ்வம்மனின் கதையாகிய பாரதத்திலே தம்பியரைப் பாசத்தின் இலக்கணமாகவே நாம் வழமையாக வாசிக்கின்றோம். எனினும், சூதிலே தருமன் திரௌபதைக்கு முன்னர் பணயம் வைத்தது தம்பியரையே. தந்தைவழிக் குடும்பத்தில் மூத்தோனுக்கு இளையோரும் உடைமையே என்பதை இக்காட்சி மறைக்கவில்லை.

வீமன் சினந்தெழுகின்றான்; தருமனின் கைகளை எரிக்கத் தீக்கொண்டுவருமாறு கடைக்குட்டியான சகாதேவனை ஏவுகின்றான். அண்ணனை எதிர்க்கும் கலகமும் இளையவனுக்கு இடும் கட்டளையாகவே வெளிப்படுவதை நாம் கவனிக்கவேண்டும். (பக்தியோடு கதை கேட்போர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவர்.) 1924இல் வெளிவந்த 'பாஞ்சாலி சபதம்' இரண்டாம் பாகத்திலே பாரதியும் இக்கட்டத்தைப் பேணியுள்ளார். மறுத்துப் பேசுபவன் அருச்சுனன். ஏவப்பட்ட சகாதேவனுக்கோ அங்கு ஒரு சொல்லும் இல்லை.