அடுக்குச் சவர்க்காரம்: பதம்தான் எல்லாம்!

குவே லாப்பிஸ் செய்யத் தெரிந்த கைக்கு அடுக்குச் சவர்க்காரமும் எளிதாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் செய்முறை நேரெதிர். குவே லாப்பிஸில் ஓர் அடுக்கு ஆவியில் வெந்து இறுகிய பிறகே அடுத்ததை ஊற்றுகிறோம். சவர்க்காரத்தில் கீழ் அடுக்கு முழுதாக இறுகிவிட்டால், மேலே ஊற்றுவது அதனோடு ஒட்டாது.

குளிர்முறையில் எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் கலந்து, அடுப்பில் வேகாமல் தாமாகவே சவர்க்காரமாக மாறுகின்றன. அந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுக்குகள் ஒன்றோடொன்று சேர வேண்டும். தோழியர் என்னிடம் கொண்டுவந்து காட்டும் கட்டிகளில் பெரும்பாலான குறைகளுக்கு இந்த நேரக் கணக்குதான் காரணம்.

அடுக்குகள் கலந்துவிட்டால்

நேர்கோடாக இருக்க வேண்டிய இடம் குழம்பிப்போனால், கீழ்க் கலவை நீர்த்திருந்தது என்று பொருள். கீழ் அடுக்கு இட்லி மாவுப் பதத்திலும், மேலே ஊற்றுவது தோசை மாவுப் பதத்திலும் இருக்கட்டும். உயரத்திலிருந்து கொட்டாமல், அகலமான கரண்டியை அச்சுக்குள் தாழ்த்திப் பிடித்து அதன் மேல் மெல்ல ஊற்றுங்கள். கிராம்பு எண்ணெய் போன்றவை கலவையைச் சட்டென்று கெட்டியாக்கிவிடும். அடுக்கு வேலைக்கு அவை வேண்டாம்.

வெட்டும்போது பிரிந்தால்

கீழ் அடுக்கு அதிக நேரம் காத்திருந்திருக்கலாம். அல்லது நடுவே தூவிய பொடி அதிகமாகியிருக்கலாம். திருமணப் பரிசுக்காக ஒரு தோழி செய்த கட்டி, கரித்தூள் கோட்டில் இரண்டாகப் பிளந்து வந்தது. பொடி தடிமனாகிவிட்டால் இரு அடுக்குகளும் ஒன்றையொன்று தொட முடியாது. தேநீர் வடிகட்டியில் போட்டு, கீழ் நிறம் லேசாகத் தெரியும் அளவுக்கு மட்டும் தூவுங்கள். வெட்டும்போது கட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், கத்தி பொடியை மற்ற அடுக்கின் மேல் இழுக்காது.

இப்படிப் பிரிந்த கட்டியின் அழகு மட்டுமே கெட்டிருக்கிறது. சரியான அளவில் செய்து, நன்கு இறுகியிருந்தால், ஆறிய பிறகு தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கவனிக்க வேண்டிய குறை

ஓர் அடுக்கு எண்ணெய்ப் பிசுக்காகவும், இன்னொன்று வெளுத்து உதிர்வதாகவும் இருந்தால் அது வேறு கதை. நன்றாகக் கலப்பதற்கு முன்பே கலவையை நிறத்துக்காகப் பிரித்ததால், ஒரு பாதிக்குக் காஸ்டிக் சோடா கூடுதலாகப் போயிருக்கும். குளிர்சாதன அறையில் இது எளிதில் நடக்கும். உறையும் தன்மையுள்ள செம்பனை எண்ணெய் குளிர்ந்து கெட்டியாகி, பதம் வந்துவிட்டதுபோல் ஏமாற்றும். எண்ணெயும் கரைசலும் 35 முதல் 40 பாகை செல்சியஸில் இருக்கும்போது கலந்து, எண்ணெய்க் கோடு எதுவும் தெரியாதவரை கைப் பிளெண்டரால் அடித்த பிறகே பிரியுங்கள்.

வெட்டிய கட்டிக்குள் நீர் தேங்கிய குழிகள் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். குழந்தையின் தோலுக்கு மட்டுமல்ல, யாருக்கும் அதைக் கொடுக்கக்கூடாது.

நடுவில் கரும்வட்டம்

ஓரம் வெளிர்ந்து நடுப்பகுதி மட்டும் கருத்திருந்தால், கட்டியின் உட்பகுதி சூடேறியபோது ஓரங்கள் குளிர்ந்துவிட்டன. அச்சைத் துண்டால் மூடி முழுவதும் ஒரே சூட்டில் வையுங்கள். அல்லது முழுவதும் குளிர்ச்சியாக வையுங்கள். தேங்காய்ப்பாலோ தேனோ சேர்த்திருந்தால் மூட வேண்டாம். சூடு மிகுந்து வெடிக்கும்.

நிறம் மாறினால்

நாசி கெராபுவுக்கு நீலம் தரும் சங்குப்பூ, காரத்தில் தன் நீலத்தை இழந்துவிடும். செம்பருத்தியும் சிவப்பாக நிற்காது. மஞ்சள்தூள் முதலில் செம்பழுப்பாகத் தெரிந்தாலும் பிறகு மஞ்சளுக்குத் திரும்பும். வெயில் பட்டால் வெளுக்கும். வெனிலா மணம் சேர்த்த வெள்ளை அடுக்கு நாளடைவில் பழுப்பாகும். அதனால் வெனிலாவைப் பழுப்பு அடுக்குக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு

தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் ஆகாது. பிள்ளைகள் அருகில் இல்லாத நேரமாகப் பாருங்கள். தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள்.

வெட்டிய கட்டிகள் காற்றோட்டமான இடத்தில் 4 முதல் 6 வாரம் ஆற வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அவை வியர்ப்பதுண்டு. மின்விசிறி ஓடும் அறையே நல்லது. தீபாவளிக்குப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் 2 மாதம் முன்பே ஒரு சிறு அச்சில் செய்து பாருங்கள். அதை வெட்டிப் பார்த்த பிறகு பெரிய அச்சை எடுக்கலாம்.